பெரிய மீன் தொட்டியும் சம்ப் வடிகட்டியும்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொண்டிருப்பது 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டி. கண்ணாடி 12 மி.மீ. ஸ்டாண்டுக்குள் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் சம்ப். நம் ஊரில் சம்ப் என்றால் வீட்டுத் தண்ணீர் சேமிக்கும் தரைக்கடித் தொட்டியும்தான். இங்கே சொல்வது மீன் தொட்டிக்குக் கீழே வைக்கிற வடிகட்டித் தொட்டியை மட்டும். மேல் தொட்டியில் வழியும் தண்ணீர் இறங்குகுழாய் வழியே சம்ப்புக்கு வந்து, அறை அறையாகக் கடந்து சுத்தமாகி, கடைசி அறையில் உள்ள பம்பால் ரிட்டர்ன் குழாய் வழியே மேலே திரும்பும்.

இரண்டு எண்களை ஸ்டாண்டுக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். மேல் தொட்டியில் 1 செ.மீ தண்ணீர் என்றால் 11 லிட்டர். சம்ப்பில் 1 செ.மீ என்றால் ஐந்தரை லிட்டர். கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு விடை இந்த இரண்டு எண்ணில் இருக்கிறது. உங்கள் தொட்டி வேறு அளவு என்றால் நீளத்தையும் அகலத்தையும் செ.மீ-ல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் போதும்.

கையில் வேண்டியவை: 10 லிட்டர் வாளி, ரசமட்டம், மாஸ்கிங் டேப், பழைய செய்தித்தாள், அம்மோனியா, நைட்ரைட், பி.எச் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பம்பையும் வால்வையும் மீடியாவையும் (சம்ப்பில் பாக்டீரியா வளரும் வடிகட்டிப் பொருள்) ஒரே நாளில் தொட்டால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

## தண்ணீரில் கை வைத்தால் சுரீர் என்கிறது

இது மட்டும் ஆராய்ந்து பார்க்கிற கோளாறு இல்லை. கையை எடுங்கள், அந்தச் சுற்றின் எம்.சி.பி-யை (மின்பெட்டியில் உள்ள சுவிட்ச்) இறக்குங்கள், அதற்குப் பிறகுதான் பிளக்குகளைப் பிடுங்க வேண்டும். மீன்கள் சாதாரணமாக நீந்துகின்றன என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மீன் தரையைத் தொடவில்லை, நீங்கள் தொடுகிறீர்கள்.

பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: கண்ணாடி விரிசல் விட்ட ஹீட்டர், வயர் தோல் வெடித்த பழைய பம்பு, ஸ்டாண்டுக்குள் ஈரம் ஏறிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். விரிசலோ வெடிப்போ கண்ணில் பட்ட பொருளைத் திரும்ப மாட்டாதீர்கள். டேப் சுற்றி ஓட்டவும் வேண்டாம். எதுவும் கண்ணில் படவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, தொட்டிச் சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு வளைந்து அதன்பிறகு மேலேறிப் பிளக்குக்குப் போக வேண்டும். வயர் வழியே இறங்கும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஸ்டாண்டுத் தரையில் கிடக்கவே கூடாது. பக்கப் பலகையில், சம்ப்பின் விளிம்பைவிட உயரத்தில் திருகி வைக்க வேண்டும்.

## கரண்ட் போனதும் சம்ப் நிரம்பித் தரையெல்லாம் தண்ணீர்

பம்பு நின்றதும் மேலிருந்து இரண்டு வழியில் தண்ணீர் இறங்கும். ஒன்று, ஓவர்ஃப்ளோ பல்லுக்கு (தண்ணீர் வழிந்து இறங்க விடும் சீப்புப் பல் போன்ற இடைவெளி) மேலே நின்ற ஒன்று ஒன்றரை செ.மீ தண்ணீர். இது எப்போதும் இறங்கும், தவறில்லை. இன்னொன்று, ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதுவே சைஃபனாகி, வாய் வெளியே தெரியும்வரை உறிஞ்சி இறக்கும். வாய் 5 செ.மீ ஆழத்தில் இருந்தால் 55 லிட்டர். குழாய்களில் நிற்பதையும் சேர்த்து 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்ப்பில் அது 11 செ.மீ உயரம்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. பம்பு ஓடும்போது சம்ப்பில் கடைசி அறையின் மட்டத்தை டேப் ஒட்டிக் குறியுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். விளிம்புக்கு 5 செ.மீ கீழே வந்தும் ஏறிக்கொண்டே இருந்தால் ரிட்டர்ன் வாயை மேலே தூக்கி சைஃபனை உடையுங்கள்.

*ரிட்டர்ன் வாய் ஆழமாக இருந்தால்:* தண்ணீர் மட்டத்துக்கு 1 செ.மீ கீழே மட்டும் இருக்கும்படி எல்போவை (குழாயின் வளைவுத் துண்டு) திருப்புங்கள். பெரும்பாலான வீடுகளில் இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

*வாயைத் தூக்க முடியாத அமைப்பு என்றால்:* ரிட்டர்ன் குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே 4 மி.மீ துளை போடுங்கள். மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் உடையும். இந்தத் துளை பாசி பிடித்து அடைபடும்; கண்ணாடி துடைக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு பல்குத்தும் குச்சியை விட்டு எடுங்கள்.

*மட்டம் அதிகமாக ஊற்றியிருந்தால்:* 45 செ.மீ உயர சம்ப்பில் ஓடும் மட்டம் 30 செ.மீ-க்கு மேல் போகக் கூடாது. ஆவியானதை ஈடுகட்டத் தண்ணீர் ஊற்றும்போது பலரும் கண்ணளவில் ஊற்றி இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். குறித்த டேப்பே அளவு.

*ஒருவழி வால்வு போட்டால் போதாதா:* போதாது. ஒரு நத்தை ஓடு மாட்டினாலும் வால்வு முழுதாக மூடாது. துளையும் மட்டக் கணக்கும் சரியாக இருக்கும்போது கூடுதலாக வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்து சம்ப் இன்னும் வழிந்தால் சம்ப் சிறியது; வேறு பெரிய சம்ப் செய்யத்தான் வேண்டும். தொட்டி கட்டும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் இந்தச் செலவு வராது.

## பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே மேல் தொட்டி வழிகிறது

பம்பை உடனே அணையுங்கள். கீழிறங்கும் வழி அடைபட்டிருக்கிறது. பல்லில் செடி இலை, செத்த மீன், மீன் உணவுப் பை என்று எதுவும் இருக்கலாம். அடுத்து குழாய் வாயின் வலை. அதற்கும் அடுத்து, சம்ப்பில் இறங்கும் குழாயின் முனை தண்ணீருக்குள் அதிக ஆழம் போயிருந்தால் ஆரம்பக் காற்று வெளியேற முடியாமல் ஓட்டம் திணறும். முனை 2 செ.மீ முழுகினால் போதும்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் மட்டம் மெதுவாக ஏறினால் குழாய் பம்புக்கு ஈடாகவில்லை. 1 அங்குல இறங்குகுழாய் ஒன்றே ஒன்று, மணிக்கு 2000 லிட்டருக்கு மேல் திணறும். பம்பு பக்கம் வால்வை மட்டுப்படுத்தித் தற்காலிகமாக ஓட்டலாம். நிலையான தீர்வு ஒன்றரை அங்குலக் குழாயும், அதன் பக்கத்தில் அடைப்பே இல்லாமல் வெறுமனே நிற்கும் இரண்டாவது அவசரக் குழாயும்தான். அந்த இரண்டாவது குழாய்க்கு வால்வு போடாதீர்கள்.

இன்னொரு காப்பு திட்டமிடும்போதே வர வேண்டியது. சம்ப்பின் பம்பு அறை 30 செ.மீ நீளம், 45 செ.மீ அகலம், பம்பு வாய்க்கு மேல் 20 செ.மீ தண்ணீர் என்றால் அதில் இருப்பது 27 லிட்டர். இறங்குகுழாய் முழுதும் அடைபட்டாலும் பம்பு அதைத்தான் மேலே தள்ள முடியும். மற்ற அறைகளின் தண்ணீரைத் தடுப்புக் கண்ணாடிகள் பிடித்துக்கொள்ளும். மேல் தொட்டியில் அது இரண்டரை செ.மீ. ஓடும் மட்டத்துக்கு மேலே 4 செ.மீ இடம் விட்டிருந்தால் எந்த அடைப்பிலும் தரை நனையாது. பம்பு அறையைப் பெரிதாகக் கட்டினால் நல்லது என்று நினைத்துக் கட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

## குழாயில் கடகடவென்று சத்தம்

இறங்குகுழாயில் தண்ணீரும் காற்றும் சண்டை போடுகின்றன. தனிக் குழாய் என்றால், குழாயின் மேல் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். துளை இல்லையென்றால் 3 மி.மீ-ல் தொடங்கிச் சிறிது சிறிதாகப் பெரிதாக்குங்கள்.

இரட்டைக் குழாய் அமைப்பில் பிரதானக் குழாயின் வால்வை மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள். குழாய்கள் நிற்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் மட்டம் ஏறி அவசரக் குழாயில் ஒரு மெல்லிய கீற்றாகத் தண்ணீர் விழும் இடத்தில் நிறுத்துங்கள். பிரதானக் குழாய் முழுதும் தண்ணீரால் நிரம்பிச் சத்தம் நின்றுவிடும். இதற்கு பால் (ball) வால்வு உதவாது, ஒரு மயிரிழை திருப்பினால் ஓட்டம் பாதியாகும். கேட் வால்வு போடுங்கள்.

சத்தம் ரீங்காரமாக, ஸ்டாண்டு அதிர்வோடு வந்தால் அது பம்பு. அடியில் ஒரு ஸ்பாஞ்சு வைத்து, சம்ப் கண்ணாடியை ஒட்டாமல் தள்ளி வையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

## ரிட்டர்ன் ஓட்டம் குறைந்துவிட்டது

கண்ணால் மதிப்பிடாதீர்கள். ரிட்டர்ன் வாயை அதே உயரத்தில் வாளிக்குத் திருப்பி, 10 லிட்டர் நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். 12 வினாடி என்றால் மணிக்கு 3000 லிட்டர். இந்த அளவுத் தொட்டிக்கு 3000 முதல் 4000 வரை நல்லது.

அட்டைப் பெட்டியில் 4000 என்று போட்டிருப்பது உயரமே இல்லாத கணக்கு. 3 மீட்டர் வரை தள்ளும் பம்பு, சம்ப்பிலிருந்து 4 அடி ஏற்றி மூன்று எல்போ தாண்டும்போது ஏறத்தாழ பாதிதான் தரும். புதிதாக மாட்டிய நாளிலிருந்தே குறைவு என்றால் பம்பு பழுதில்லை, தேர்வு தவறு. வாங்கும்போது பெட்டியில் உள்ள உயர வரைபடத்தைப் பார்த்து வாங்குங்கள்.

முன்பு நன்றாக ஓடி இப்போது குறைந்திருந்தால், வரிசையாக:

1. பம்பு வாயின் வலையும் ஸ்பாஞ்சும். குழாயடியில் அலச வேண்டாம், தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.
2. இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் விசிறி). போர்வெல் தண்ணீர் என்றால் வெள்ளையாக உப்புக் கரை பிடித்திருக்கும். பம்பைக் கழற்றி, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். மறுபடி மாட்டும் முன் நன்றாக அலச வேண்டும்.
3. இம்பெல்லரின் பீங்கான் தண்டு. முறிந்திருந்தால் தண்டும் இம்பெல்லரும் சேர்ந்த செட் தனியாகக் கிடைக்கும். சென்னையில் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பழைய பம்பைக் கையோடு எடுத்துப்போய் அளவு பார்த்து வாங்குவது நல்லது.
4. குழாயின் உள்சுவரில் பாசி. நீளமான பாட்டில் பிரஷ்.

இம்பெல்லர் புதிது, குழாய் சுத்தம், ஆனாலும் ஓட்டமில்லை, பம்பு சூடாகிறது என்றால் மின்சுருள் (coil) போய்விட்டது. மூடி ஒட்டிய நீர்மூழ்கிப் பம்பைப் பிரித்து ஒட்டிப் பழுது பார்க்க விடாதீர்கள். தண்ணீருக்குள் 230 வோல்ட் போகும் பொருள் அது. புதிதாக வாங்குங்கள்.

## தொட்டி முழுக்கப் பொடிக் குமிழி

பம்பு அறையில் தண்ணீர் குறைந்திருக்கும், ஊற்றுங்கள். அது இல்லையென்றால் தடுப்புக் கண்ணாடிகளுக்கு நடுவே இடைவெளி குறைவு, இரண்டரை செ.மீ-க்குக் குறைந்தால் குமிழி மேலெழ நேரம் கிடைக்காமல் இழுபட்டு வரும். அங்கே ஒரு கனமான ஸ்பாஞ்சைச் செருகிப் பாருங்கள்.

## ஸ்டாண்டு ஈரமாக இருக்கிறது, மட்டம் இறங்குகிறது

கசிவு என்று முடிவு செய்யும் முன் மூன்று சாதாரணக் காரணங்களைக் கழித்துவிடுங்கள். கோடையில் மின்விசிறி ஓடும் அறையில் இந்த அளவுத் தொட்டி நாளைக்குச் சில லிட்டர் ஆவியாக விடும். மூடியின் அடியில் திரண்ட நீர் பின்பக்கமாக வழியும். ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) தெறிப்பும் அப்படியே.

கசிவு எங்கே என்று பார்க்க, எல்லாவற்றையும் துணியால் துடைத்து உலர்த்திவிட்டு சம்ப்பின் அடியிலும் ஒவ்வொரு இணைப்பின் கீழும் செய்தித்தாள் விரியுங்கள். குழாய் இணைப்புகளின் மேல் முகப்பவுடர் தூவுங்கள். இரவு முழுக்க விட்டால் காலையில் ஈரக் கோடு இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

*டேங்க் கனெக்டரில் (கண்ணாடித் துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பு) கசிவு:* ரப்பர் வாஷர் தண்ணீர் இருக்கும் பக்கம், தட்டை விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்க வேண்டும். நட்டுப் பக்கம் மாட்டியிருந்தால் மரை வழியே கசியும். பிளம்பர்கள் வீட்டு ஓவர்ஹெட் டேங்க் பழக்கத்தில் இரண்டு பக்கமும் வாஷர் போட்டு, டெஃப்லான் சுற்றி, ஸ்பானரால் இறுக்குவார்கள். கண்ணாடியில் அப்படிச் செய்தால் துளையைச் சுற்றி விரிசல் ஓடும். கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று. அவ்வளவே.

*பி.வி.சி ஒட்டில் கசிவு:* மேலே பசை தடவி நிற்காது. அறுத்தெடுத்துப் புதுத் துண்டு போட்டு, 24 மணி நேரம் காயவிடுங்கள். பம்புக்கும் வால்வுக்கும் அருகில் யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) போட்டிருந்தால் இந்த வேலை பத்து நிமிடம். போடாதிருந்தால் பாதிக் குழாயை அறுக்க வேண்டிவரும்.

*கண்ணாடி மூட்டில் கசிவு:* வெளிப்பக்கம் சிலிக்கான் பூசுவது வீண். தண்ணீர் அதை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது, 60 செ.மீ மட்டத்தில் முன்கண்ணாடி மேல் மட்டும் கிட்டத்தட்ட 330 கிலோ எடைக்குச் சமமான விசை இருக்கிறது. சம்ப் என்றால் காலி செய்து நீங்களே சரிசெய்யலாம். அந்த மூட்டின் உள்பக்கப் பழைய சிலிக்கானை பிளேடால் முழுதும் சுரண்டுங்கள், ஏனென்றால் காய்ந்த சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது. அசிட்டோனால் துடைத்து, வினிகர் வாசம் வரும் கண்ணாடி சிலிக்கானை ஒரே ஓட்டத்தில் இடுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் மீனைக் கொல்லும். ஒரு வாரம் காய்ந்தபின் தண்ணீர்.

மேல் தொட்டியின் மூட்டில் சொட்டினாலோ, சிலிக்கானுக்குள் கண்ணாடியை ஒட்டி வெள்ளையாகக் காற்றுப்பை பரவினாலோ, மேல் விளிம்புப் பட்டை விடுபட்டாலோ, நீங்களே செய்ய வேண்டியது ஒன்றுதான்: மட்டத்தை உடனே பாதிக்குக் கீழே இறக்குங்கள். பாதி மட்டத்தில் விசை கால்பங்காகிவிடும். மீனை வேறு டிரம்முக்கு மாற்றி, தொட்டி செய்கிற ஆளைக் கூப்பிடுங்கள்.

## ஒரு முனையில் தண்ணீர் மட்டம் உயர்ந்து தெரிகிறது

மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை நான்கு மூலையிலும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். 6 அடிக்கு 2, 3 மி.மீ வேறுபாடு என்றால் விடலாம். அதற்குமேல் இருந்தால் ரசமட்டத்தைத் தரையில் ஒரு முறை, ஸ்டாண்டு மேல் ஒரு முறை வையுங்கள். தண்ணீர் நிரம்பிய நிலையில் காலடியில் ஆப்பு அடிக்கக் கூடாது, கண்ணாடி முறுக்கிக்கொள்ளும். காலி செய்து, ஸ்டாண்டைச் சமப்படுத்தி, 10 மி.மீ தெர்மாகோல் விரித்து மறுபடி வையுங்கள்.

மூலைகளின் அளவு மாதா மாதம் மாறினால் ஸ்டாண்டோ தரையோ இறங்குகிறது. தண்ணீர் 680 கிலோ, கண்ணாடி 120 கிலோவுக்கு மேல், மணல், கல், ஸ்டாண்டு, சம்ப் சேர்த்தால் ஒரு டன்னைத் தாண்டும். வீட்டுத் தரைக்கு இந்தியத் தர விதியில் எடுத்துக்கொள்ளும் பளு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. தொட்டி நிற்கும் இடம் 1.1 சதுர மீட்டர்தான். அதனால் மாடி வீட்டில் அறையின் நடுவே வைக்கவே கூடாது; பீமின் மேல், சுமைதாங்கும் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். கீழ்வீட்டுக் கூரையில் புது விரிசல் தெரிந்தால் தொட்டியைக் காலி செய்துவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மேஸ்திரி வந்து பூசிவிட்டுப் போவது இதற்குத் தீர்வில்லை.

## தண்ணீர் கலங்கல்

*பால் போல வெள்ளை:* புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் இயல்பு. மணலைக் கழுவாததால் என்றால் ஒரு நாளில் படியும். பாக்டீரியா என்றால் படியாது. உணவைக் குறைத்து, காற்றை அதிகமாக்கி, காத்திருங்கள். பழைய தொட்டியில் திடீரென வந்தால் எங்கோ ஒரு மீன் செத்துக் கிடக்கிறது, அல்லது மீடியாவைக் குளோரின் தண்ணீரில் கழுவியிருக்கிறீர்கள். அம்மோனியா பாருங்கள்.

*பச்சை:* விளக்கை நாளுக்கு 6 மணி நேரமாகக் குறைத்து, ஜன்னல் வெயிலை மறையுங்கள். அடங்காவிட்டால் யூ.வி விளக்கு. இருக்கிற யூ.வி வேலை செய்யவில்லை என்றால் பல்ப் ஓராண்டு தாண்டியிருக்கும். எரிவது தெரியும், கிருமியைக் கொல்லும் வலு போயிருக்கும்.

*டீ நிறம்:* மரக்கட்டை. கெடுதல் இல்லை.

*மிதக்கும் துகள்:* ஃபில்டர் சாக் (தண்ணீர் வடியும் துணிப் பை) நிரம்பி, தண்ணீர் அதன் வாய்க்கு மேலாகத் தாண்டி ஓடுகிறது. 200 மைக்ரான் சாக்கை மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

## மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன

இதில் நேரம்தான் முக்கியம். முதலில் ஏர் பம்பு போடுங்கள், ரிட்டர்ன் வாயை மேற்பரப்பைக் கலக்கும்படி திருப்புங்கள். அதற்குப் பிறகு எப்போது தொடங்கியது என்று யோசியுங்கள்.

*மதியத்திலும் விடியலிலும் மட்டும் என்றால் வெப்பம், ஆக்ஸிஜன்.* 25 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 8 மி.கி-க்குச் சற்று மேல் ஆக்ஸிஜன் பிடிக்கும். 32 டிகிரியில் 7.3 மி.கி. சித்திரை வெயிலில் சம்ப்பின் மேல் சிறு விசிறி வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். ஆவியாதல் கூடும், மட்டத்தைப் பாருங்கள்.

*கரண்ட் போன பிறகு என்றால்:* பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டரும் சேர்த்து ஓட்டுகிறவர்கள், பல மணி நேரம் நின்ற கேனிஸ்டரை அப்படியே ஆன் செய்யாதீர்கள். உள்ளே நின்ற கெட்ட தண்ணீர் தொட்டிக்குள் வரும். கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரில் அலசி மாட்டுங்கள்.

*தண்ணீர் மாற்றிய பிறகு என்றால்:* குழாய்த் தண்ணீரிலோ லாரித் தண்ணீரிலோ குளோரின் இருந்திருக்கும். 1 மி.கி குளோரினை முறிக்க 7 மி.கி ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) படிகம் வேண்டும். லிட்டருக்கு 2 மி.கி குளோரின் என்று வைத்தால் 100 லிட்டருக்கு 1.4 கிராம். கரைத்து, ஊற்றும் தண்ணீரில் முன்பே கலக்குங்கள். போர்வெல் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் ஆக்ஸிஜனும் மிகக் குறைவாக இருக்கலாம்; டிரம்மில் பிடித்து ஒரு நாள் ஏர் ஸ்டோன் ஓட்டியபின் ஊற்றுங்கள்.

*புதுத் தொட்டி, அல்லது மீன் சேர்த்து ஒரு வாரத்துக்குள் என்றால்:* அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். வடிகட்டி பழக, அதாவது அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியா மீடியாவில் வளர, 4 முதல் 6 வாரம் ஆகும், அதை எந்த மருந்தும் ஒரே இரவில் முடிப்பதில்லை. பி.எச் 8 உள்ள தண்ணீரில் அதே அளவு அம்மோனியா, பி.எச் 7-ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு நச்சு. அதனால் போர்வெல் வீடுகளில் கிட்டில் லேசான பச்சை தெரிந்தாலே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். நைட்ரைட் தெரிந்தால் 100 லிட்டருக்கு 30 கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள், செவுள் வழியே நைட்ரைட் நுழைவதை உப்பின் குளோரைடு தடுக்கும். அடுத்த இரண்டு நாள் உணவு வேண்டாம்.

எல்லா அளவும் சரியாக இருந்து, ஒன்றிரண்டு மீன் மட்டும் மூச்சு வாங்கி, செவுளைக் கல்லில் உரசினால் வடிகட்டியில் கோளாறு இல்லை. செவுளில் ஒட்டுண்ணி இருக்கலாம். அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடமோ மீன்வளத் துறை ஆய்வகத்திலோ காட்டுங்கள். பெரிய தொட்டியில் மருந்தைக் கொட்டினால் மீடியாவில் வளர்ந்த பாக்டீரியாவும் போய், வடிகட்டியை மறுபடி முதல் நாளிலிருந்து பழக்க வேண்டிவரலாம்.